சிவப்பு எரிந்தால் கத்த வேண்டும்

டம்ளரில் பாதிதான் தண்ணீர் ஊற்றினீர்கள், ஐயா. எனக்கு அது பிடித்திருந்தது. தொண்டை நனைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மிச்சத்தைக் கொட்டுகிற வேலை யாருக்கும் இல்லை.

என் பிழைப்பும் அதுதான். நோயாளிகளின் தலைமாட்டில் வைக்கிற சின்னப் பெட்டிகளுக்கு ரூட் ஃபைல் சிஸ்டம் கட்டுகிறேன். பெட்டியை இயக்குகிற லினக்ஸ் மென்பொருள் கண்விழித்ததும் அது குடியேற ஒரு வீடு வேண்டுமல்லவா, அந்த வீடு. ஊரெல்லாம் கிடைக்கிற வீட்டில் ஆயிரம் தட்டுமுட்டுச் சாமான் இருக்கும். என் பெட்டியில் இடமோ கையகலம். அதனால் வெறும் ஃபோல்டரில் தொடங்கி, வேண்டியதை மட்டும் வைப்பேன். எது வேண்டியது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஓடினால் அது தேவையில்லை. இதில் கோபதாபத்துக்கே இடமில்லை.

என் அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய். கடைசியில் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்டது. ஒரு இயந்திரம் முகமூடி வழியாக மூச்சு கொடுத்தது. அந்த மூச்சைக் கவனிக்க எங்கள் கம்பெனிப் பெட்டி ஒன்றை நான்தான் கொண்டுவந்து வைத்தேன். மூச்சு தடைப்பட்டால் சிவப்பு விளக்கு எரியும், பெட்டி கத்தும். அவன் இருமினாலும் கத்தும், முகம் திருப்பினாலும் கத்தும். அண்ணி போட்டது போட்டபடி ஓடுவார்.

அண்ணனுக்கு வாய் மட்டும் குறையவில்லை. "புருஷன் நான் ஒருத்தன் போதாதுன்னு உனக்கு இந்தப் பெட்டி ஒரு மாமியார்" என்பான்.

"மாமியாரா இருந்தா சாப்பிடற நேரமாவது விட்டிருப்பாங்க" என்பார் அண்ணி.

ஒருநாள் அவனே என்னிடம் சொன்னான். "டேய் தம்பி, இந்தச் சனியன் வாயைக் கொஞ்சம் அடைக்கக் கூடாதா? பாவம்டா அவ. கண் அசந்து எவ்வளவு நாளாச்சு."

கேட்டது அவன், ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் நிம்மதியாகக் குடித்ததில்லை. சத்தத்தைக் குறைக்க ஒரு எண்ணை மாற்றினால் போதும். நான் ஒலி எழுப்பும் நிரலையே எடுத்துவிட்டு, அண்ணன் பெட்டிக்கென்று புதிதாக ஒரு வீடு கட்டி, மெமரி கார்டில் ஏற்றிச் செருகினேன். மூச்சு நின்றால் பெட்டி விளக்கைப் போடும், ஒலியைக் கூப்பிடும். கூப்பிட்ட ஆள் வீட்டில் இல்லை என்றால் பேசாமல் அடுத்த வேலையைப் பார்க்கும். ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

"இனிமே நிஜமாவே மூச்சு நின்னாதான் கத்தும் அண்ணி" என்றேன்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றார்.

அந்த வாரமே ஒரு மதியம், பக்கத்து அறையில் போய்ப் படுத்தார். "கத்துனா ஓடி வந்துடறேன்" என்று கதவைத் திறந்தே வைத்தார்.

நான் அண்ணன் பக்கத்தில் இருந்தேன். முகமூடியின் வார் நழுவியது. நான் நழுவவிடவில்லை, தானாக நழுவியது. சிவப்பு எரிந்தது. அண்ணன் பெட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பெட்டி பழுது, தம்பி கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பான். விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினான். சின்னச் சத்தம்தான், ஆனால் கதவு திறந்திருந்தது. அந்த விரலை என் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"அண்ணி தூங்குறாங்கண்ணே" என்றேன், மெதுவாக.

விரல் ஓயும்வரை விடவில்லை.

அண்ணி எழுந்து வந்தபோது, "கத்துச்சு அண்ணி, நீங்க அசந்துட்டீங்க. மாடியிலேருந்து நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் அதையே சொல்லி அழுதார். "கூப்பிட்டிருக்கார். நான் தூங்கிட்டேன்."

நான் செய்த பிழை ஒன்றுதான். ஒலியை எடுத்தவன் விளக்கை எடுக்கவில்லை. பிறகு கார்டை மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அண்ணி பெட்டியை அணைக்க விடவில்லை. "அவர் மூச்சைக் கேட்ட பெட்டி, யாரும் தொடாதீங்க" என்று அதன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கம்பெனியில் பெட்டிகளைச் சோதிக்கிற பெண்ணைக் குருவி என்போம், வாய் ஓயாது. அவளும் துக்கம் கேட்க வந்தாள். வாசலிலேயே அவள் பேச்சு நின்றது.

"சிவப்பு எரியுதே அக்கா. ஏன் கத்தலை?"

"கத்திக் கத்தி ஓய்ஞ்சுபோச்சும்மா."

"இது ஓயாது. சத்தத்தை நிறுத்த இதுல பட்டனே வைக்கலை. சிவப்பு எரியற வரைக்கும் கத்தணும்." என் பக்கம் திரும்பினாள். "இதுல என்ன ஏத்தியிருக்கீங்க?"

அண்ணி பெட்டியின் காலடியிலிருந்து எழுந்தார். பிறகு என்னைக் கேட்டார். "அப்போ, அது என்னைக் கூப்பிடவே இல்லையா தம்பி?"

என் அண்ணனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அண்ணிக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்டேஷனுக்கு வந்து அவர் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது. யாரும் எழுப்பிவிடாதீர்கள்.