கதவு கழற்றிய வண்டிகள்

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிய இரண்டு பேர் என் முன் ஆசனத்தில் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.

“பழைய ஆமி வண்டியளைக் கடலுக்க இறக்கப் போறாங்கள், மச்சான். மீன் குடியேறுமாம். டைவிங் வாற வெள்ளைக்காரர் சல்லி குடுத்துப் பாப்பினமாம். நான்தான் கதவெல்லாம் வெட்டிக் கழட்டினனான்” என்றார் கையில் வெல்டிங் சூட்டுத் தழும்புகள் உள்ளவர்.

“கதவு ஏன்?”

“உள்ளுக்குப் போறவன் மாட்டுப்படாம வெளிய வரோணும். அதுதான் சட்டம்.”

“நல்ல சட்டம். எங்கட அண்ணாவை அப்பிடி ஒண்டிலதான் ஏத்தினவங்கள். இண்டைக்கும் இறங்கேல்ல.”

பம்பலப்பிட்டியில் மற்றவர் அவரது தோளைத் தட்டினார்.

“டேய், வண்டிக்கு உள்பக்கம் ஏதும் கீறியிருந்ததா? அண்ணா இருந்த இடமெல்லாம் பேர் கீறுற ஆள். ஸ்கூல் வாங்குப் பலகையில இன்னும் கிடக்கு.”

“பெயின்ட் மீனுக்கு நஞ்சாம். இரும்பு தெரியுமட்டும் சுரண்டச் சொன்னவங்கள்.”

“ஆர் சுரண்டினது?”

“நான்தான்.”

“சுரண்ட முந்திப் பாத்தனியா?”

வெல்டர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாக்கோணும் எண்டு தோணேல்லயடா.”