பதினாலாம் நம்பர்

இல்லீங்க, ஆளு யாரும் வரலை, தாராளமா உக்காருங்க. இந்த ஓரத்து சீட்டுதான் என்ற வீட்டுக்காரிக்குப் போட்டு வெச்சிருக்கேன். மரகதம்னு பேரு. அவ ஸ்டேஜுக்குப் பின்னால இருக்கா, பசங்களுக்கு டை கட்டிவிட, முடி பின்னிவிட அம்மாமாரு நாலு பேரு வேணுமாம். கடைசிப் பாட்டு முடிஞ்சாத்தான் வருவா. நீங்க உங்க பையன்கிட்ட தமிழ்ல பேசினது காதுல விழுந்துச்சு, அதான் கூப்பிட்டேன். இளமாறன்னா கூப்பிட்டீங்க? நல்ல பேருங்க. ட்ரம்பெட்டை அவன் புடிச்சிருந்த லட்சணத்துக்கே பாதி மார்க் போடலாம். வாசிச்சதுங்களா? ஆறாங்கிளாசு, அப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் முதல் வருஷம் எருமை கத்தின மாதிரிதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஆமாங்க, நானும் வாசிச்சவன்தான். இப்ப டெலிகாம் கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங்.

இந்த செல்போனுங்களா? அடிக்கட்டுங்க. வைப்ரேஷன்ல போட்டிருக்கேன், ஊர்லயிருந்து தம்பி. எட்டு மணிக்குள்ள அவனுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். இப்ப ஏழு பத்துதானே ஆச்சு. மக வாசிச்சு முடிக்கட்டும், நானே கூப்பிட்டுருவேன். அவ வாசிச்சு முடிக்கணும், இன்னைக்கு எனக்கு அது ஒண்ணு போதுங்க.

அங்க, மூணாவது வரிசையில ரெட்டைச் சடை போட்டுட்டு குனிஞ்சிருக்காளே, அவதான். ரோஷினி. பத்தாவது. ஃப்ளூட்டு வாசிக்கறவ, ஆனா கடைசிப் பாட்டுக்கு மட்டும் பிக்கலோ. சின்னக் குழல், பேனா ஸ்டாண்டுல போட்டு வெச்சா பேனான்னு நெனைப்பீங்க. சத்தம் மட்டும் காதைக் கிழிச்சிரும். போன வருஷம் இதே மேடை, இதே பாட்டு. இந்தப் பாட்டுல கடைசி பாகத்துக்குப் பிக்கலோக்காரங்க எந்திரிச்சு முன்னால வந்து நின்னு வாசிக்கறது வழக்கம். வந்து நின்னா. ரெண்டு வரி வாசிச்சா. அப்பறம் வாயில இருந்து காத்துதான் வருது, சத்தம் வரலை. அப்படியே எறங்கிப் போயிட்டா. கார்ல வீட்டுக்கு வர்றப்ப, நான்தான் ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிச்சு, ஹார்மோனிக்ஸு, லிப் பொசிஷனுன்னு பேசிட்டு வந்தேன். ஐ டோன்ட் வாண்ட் டு டாக் அபௌட் இட் அப்பான்னா. அவ பேசறது இங்கிலீஷு, நாம பேசறது தமிழு, எப்படியோ வண்டி ஓடுது. இந்த வருஷம் ஆடிஷன்ல மறுபடி அவளே போய் நின்னு அந்தப் பிக்கலோவை வாங்கிட்டு வந்துட்டா. ஆறு மாசமா ரூமுக்குள்ள பூட்டிட்டு அதேதான். எங்க தெரு நாயிங்களுக்கெல்லாம் இந்த மார்ச் மனப்பாடம்.

பாட்டோட பேரா? பேரு ப்ரோக்ராம் தாள்ல போட்டிருக்குது பாருங்க. எனக்கு அது பதினாலாம் நம்பர்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறப்ப என்.சி.சி. பேண்டுல இருந்தேன். சேனாபதி மாஸ்டர்னு ஒருத்தரு, மிலிட்டரி பேண்டுல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு எல்லாப் பாட்டையும் கையிலயே எழுதி, சின்னச் சின்ன அட்டையில ஒட்டி, நம்பர் போட்டு வெச்சிருப்பாரு. பேரு கெடையாது. நடக்கறப்ப கூப்பிடறதுக்கு நம்பர்தானே வசதி? ஒம்பதுன்னு கத்துவாரு, எல்லாரும் ஒம்பதாம் அட்டையை எடுத்து வாத்தியத்துல சொருகிக்கணும். அதுல பதினாலு பெரிய பாட்டு. ரிபப்ளிக் டேக்கு மட்டும் எடுப்போம். யாரு எழுதினது, எந்த நாட்டுது, ஒண்ணும் தெரியாது. நான் இங்கிலீஷ்காரன் போட்டதுன்னே நெனைச்சிட்டிருந்தேன்.

எனக்குக் குடுத்தது டெனர் ஹார்ன், நெஞ்சோட அணைச்சு ஊதற பித்தளை வாத்தியம். அதுல மெட்டு வராதுங்க. டூபாவும் பெரிய ட்ரம்மும் உம்முன்னு அடிக்கும், நாங்க நடுவுல பான்னு ஊதணும். உம்-பா, உம்-பா. அந்த உம் என்ற பங்கு இல்லை. பா மட்டும்தான் என்றது. மூணு வருஷம் பா, பா, பா. வேற ஒண்ணும் தெரியாது. வெயில்ல நடந்துட்டே வாசிக்கறப்ப பக்கத்துல என்ன மெட்டு போகுதுன்னு காதே குடுக்க முடியாது, காதைக் குடுத்தா காலு தப்பிரும், காலு தப்புனா மாஸ்டர் கையில இருக்கற குச்சி முதுகுல விழும். இப்பவும் என்னைய அந்தப் பாட்டைப் பாடுங்கன்னு சொல்லிப் பாருங்க, பா பான்னுதான் பாடுவேன்.

அப்பறம் தொண்ணூத்தி ஒண்ணுல இங்க அமெரிக்காவுக்கு வந்தோம். மறு வருஷம் ஜூலை நாலு, இவங்க சுதந்திர தினம், பார்க்குல பட்டாசு விடறாங்கன்னு போனோம். பெட்ஷீட்டு விரிச்சு, புளிசோறு, வறுவல். ரோஷினிக்கு அப்ப ஏழு வயசு. ஊர்க்காரங்க கூடி வாசிக்கற பேண்டு ஒண்ணு மேடையில இருந்துச்சு, எல்லாம் தலை நரைச்ச ஆளுங்க. என்னத்தையோ வாசிச்சுட்டிருந்தாங்க, நான் வறுவல் தின்னுட்டிருந்தேன். திடீர்னு மரகதம், என்ன கை நடுங்குதுங்கறா. பாத்தா என்ற வலது கையில மூணு விரலு தானா அமுக்கிட்டிருக்குது, துடை மேல. ஹார்ன்ல வால்வு அமுக்கற மாதிரி. காதுக்குத் தெரியலை, விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு. சுத்தியும் பாத்தா ஜனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது, குழந்தைங்க கொடி ஆட்டுது, சில பேரு கண்ணுல தண்ணி. அன்னைக்குத்தாங்க முத முதல்ல பதினாலாம் நம்பருக்கு மெட்டுன்னு ஒண்ணு இருக்கறதையே கேட்டேன். வயசு முப்பத்தெட்டு எனக்கு.

எங்க அய்யன்கிட்ட போன்ல சொன்னேன் அந்த ஞாயித்துக்கெழமை. அய்யன்னா அப்பாதானுங்க, நாங்க கோபிப் பக்கம், அப்படித்தான் கூப்பிடறது. சொன்னா சிரிக்கறாரு. ஏன்னா அவரு ஒரே ஒரு தடவை வந்து கேட்டிருக்காரு. ப்ரைவேட் பஸ் கம்பெனியில செக்கிங் இன்ஸ்பெக்டருங்க அவரு. ரிபப்ளிக் டேக்குக் கம்பெனி ஃப்ரீ பாஸுல ஏறி வந்து, வ.உ.சி. கிரவுண்டு வேலியோரம் மூணு மணி நேரம் நின்னாரு. எல்லாம் முடிஞ்சு போய், எப்படிங்கய்யா இருந்துச்சுன்னேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு, உன்ற சத்தம் எதுன்னுதான் கண்டுபுடிக்க முடியலைன்னாரு. நான் வெளக்கறேன், உம்முக்கும் உம்முக்கும் நடுவுல வருதே அதான்னு. அதுக்கு எதுக்குடா அத்தாச்சோட்டுப் பெரிய வாத்தியம்னுட்டு, டீ வாங்கிக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிட்டாரு. அவரு பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரெல்லாம் நடுங்குவாங்க. என்னைய ஒரு வார்த்தை அதட்டினதில்லை.

கடைசியாப் போனதுங்களா? நாலு வருஷமாச்சுங்க ஊருக்குப் போயி. கிரீன் கார்டு கடைசிப் படியில நிக்குது, பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் நாட்டை விட்டு நகராதீங்க, போனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. உங்களுது எந்த ஸ்டேஜ்ல இருக்குது? நியூ ஜெர்சில போட்டதுங்களா? அது இன்னும் மெதுவுங்களே.

போன ஞாயித்துக்கெழமைதான் ரோஷினி போனை வாங்கித் தாத்தாகிட்ட, அப்பாரு, நான் தனியா வாசிக்கறேன்னு தமிழ்லயே சொன்னா. சத்தம் தனியாக் கேக்குமா கண்ணுன்னு அவரு கேட்டாராம். யெஸ் அப்பாரு, வெரி லௌட்னா. டேப்பு புடிச்சு அனுப்பச் சொல்லு உங்கொப்பனைன்னாராம்.

ஸ்... ஆரம்பிச்சுட்டாங்க. இதேதான்.

ம். பேசலாங்க, மெதுவா. முன்னால இருக்கற வெள்ளக்காரம்மாவே பேசிட்டுத்தான் இருக்குது. இது முதல் பாகம். இதை ரெண்டு தரம் வாசிப்பாங்க. அங்க ரெண்டாவது வரிசையில குண்டா ஒரு பையன் ஹார்னைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கான் பாருங்க. கண்ணாடி போட்டவன். அவனைக் கேளுங்க. பா, பா, பா. கேக்குதா? கேக்காதுங்க. எனக்குக் கேக்குது.

காமெராவா? ஆமாங்க, மடியிலதான் இருக்குது. சிவப்பு லைட்டு எரியலைங்களா. தெரியுங்க. டேப்பு உள்ள இருக்குது, பேட்டரியும் ஃபுல்லு. பரவால்லைங்க, இருக்கட்டும்.

எந்திரிச்சுட்டா பாருங்க. வந்து நின்னுட்டா. காலு ரெண்டும் ஒட்டுக்கா வெச்சு நிக்கறா, சொல்லிக் குடுத்த மாதிரி. இதுலதான் போன தடவை... ம். ம். வந்துருச்சு. அந்தத் தாண்டு தாண்டிட்டா. எவ்வளவு தனியாக் கேக்குது பாருங்க, மத்த எழுவது பேரும் வாசிக்கறாங்க, இது ஒண்ணு மேல நிக்குது. இனி பயமில்லை. இனி எறங்கிப் போகமாட்டா.

இருங்க இருங்க, கை தட்டாதீங்க. இன்னும் ஒரே ஒரு அடி இருக்குது. முடிஞ்ச மாதிரி நிறுத்திட்டுப் போடுவாங்க.

ம். இப்பத் தட்டுங்க.

நல்லா வாசிச்சாங்க. எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க, நாமளும் எந்திரிக்கணுமாட்ட இருக்குது. உங்க கண்ணுல தண்ணி வந்துருச்சே சார்? எனக்கு வரலைங்க. மத்தியானத்துல இருந்தே இப்படித்தான். மரத்துப்போக ஊசி போட்ட பல்லு மாதிரி, இருக்குது, ஆனா என்றது இல்லைங்கற மாதிரி இருக்குது. எழுவத்தஞ்சு ஃப்ரீவேல அத்தனை ட்ராஃபிக்ல வந்தேன், எக்ஸிட்டு கூடத் தப்பலை.

எங்க அய்யன் தவறிட்டாருங்க. மூணு மணிக்கு ஆபீசுக்கே போன் வந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாராட்ட இருக்குது.

உக்காருங்க சார், நீங்க எதுக்குப் பதறறீங்க. இல்லீங்க, வீட்டுல இன்னும் சொல்லலை. காதுல விழுந்தாத்தானே தீட்டு. எங்க பக்கம் முகூர்த்தத்து அன்னைக்கு இந்த மாதிரிச் சேதி வந்தா, யாராச்சும் ஒருத்தரு வாங்கி நெஞ்சோட வெச்சுக்குவாங்க. தாலி ஏறினப்பறம்தான் வாயைத் தொறப்பாங்க. மரகதத்துக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி வீட்டுல உக்கார வெச்சிருப்பா. அவளைத் தப்புச் சொல்லமுடியாது. மாமனாரு மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. ஆனா இந்தப் பிள்ளை இந்த வருஷமும் வாசிக்காமப் போனா அதைத் தொடவே மாட்டா, எனக்குத் தெரியும். அதனால நான் ஒருத்தன் மட்டும் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

வேற ஒண்ணும் கஷ்டமில்லைங்க. கெளம்பறப்ப ஹை ஃபைவ் அப்பான்னு கையை நீட்டுனா. தீட்டுக் கையாச்சேன்னு நான் டக்குனு ரெண்டு கையும் பின்னால கட்டிக்கிட்டேன். எப்பவும் நான்தான் முதல்ல நீட்டறவன். மூஞ்சி சுருங்கிப்போச்சு பிள்ளைக்கு. போன வருஷம் கெடுத்ததை இன்னும் மனசுல வெச்சிருக்காருன்னு நெனைச்சிருப்பா. இதை எப்படிச் சொல்லறது அவகிட்ட.

அதானுங்க, தம்பி மறுபடி அடிக்கறான். நீ வருவியா, ஐஸ்ல வெக்கட்டுமா, இல்ல எடுத்தரட்டுமான்னு கேக்கறான். சொந்தமெல்லாம் வாசல்ல வந்து நிக்குது. நான் மூத்தவன், நான்தான் கொள்ளி வெக்கணும். நீயே வெச்சுருடான்னு சொல்லணும், அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. நாலு மணி நேரமா அது வாய்க்கு வரலை.

உங்ககிட்ட எப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்க. நீங்க கும்பகோணத்துப் பக்கமில்லீங்களா, நமக்குப் பங்காளி இல்லை, உங்களுக்குத் தீட்டு ஒண்ணும் ஒட்டாது. அதான் வாய் வந்துருச்சாட்ட.

அதா, வர்றாங்க. பாருங்க, அவங்கம்மா சிரிச்சுட்டே வர்றா. பிள்ளை ஓடியே வருது. சார், ஒரே ஒரு உதவிங்க. பிள்ளை வந்ததும் நீங்க முன்னால போயி, அவ நீட்டற கைக்கு ஒரு கை குடுங்க.