நாற்காலிக்காரரின் சாப்பாடு

கோதுமை இல்லாமல், பால் இல்லாமல், முட்டை இல்லாமல், தேன்கூட இல்லாமல் பதினாலு நாள் ஒரு மனிதருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டேன், ஐயா. ஒரு வேளைகூட ருசி குறைவு என்று அவர் முகம் சுளித்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அவசரமில்லை.

முப்பத்தொரு வருடம் நூற்பாலை உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன். ஒரு வேளைக்கு அறுநூறு பேர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் அடுப்பைக் கட்டிக்கொண்டேன் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் என் தங்கையும்தான். நாற்பத்தெட்டு வயதாகியும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்கிற வேலை. எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த பதினோரு வருடமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். சமையல் மட்டும் வராது. வெந்நீரையே அடிபிடிக்க வைக்கிறவள் என்று கேலி செய்வேன்.

அவளுடைய மருத்துவமனைக்கு ஒருவர் வருவார். நோயாளியைச் சாய்த்து உட்கார வைப்பார்களே, அந்த நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவர். வெளியூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பெயரைச் சொல்லாமல் 'நாற்காலிக்காரர் போன் பண்ணார்' என்றுதான் பாப்பா சொல்வாள். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வைகாசியோ என்னவோ, அங்கே பதினோரு நாற்காலிகளையும் மாற்றப்போவதாகவும் அதற்கு அவர் மூன்று வாரம் வந்து தங்க வேண்டும் என்றும் பேச்சு வந்தது.

“அவரால வெளியில எதையும் வாங்கிச் சாப்பிட முடியாது அண்ணா. கோதுமை பட்டா உயிருக்கே ஆபத்து. அசைவம், பால், தயிர் எதுவும் தொட மாட்டார். நம்ம வீட்லயே தங்கட்டுமே. உங்க கை ருசியை அவரும் பார்க்கட்டும்.”

என் பலவீனம் எது என்று அவளுக்குத் தெரியும். சரி என்றேன்.

வந்த அன்றே அவர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிவப்புப் பையை மாட்டினார். உள்ளே பேனா போல இரண்டு ஊசிகள். “முகம் வீங்கி மூச்சு இழுத்துச்சுன்னா, தொடையில அழுத்தமா குத்திடணும் சார். என்னால அப்ப பேச முடியாது, அதனாலதான் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்” என்றார். ஏதோ குடையை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஐயா.

அடுப்படியை ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். அவருக்கென்று புது வாணலி, புதுக் கரண்டி, தனித் துணி. கோதுமை மாவு டப்பாவைப் பரணில் ஏற்றினேன். முந்திரியை ஊற வைத்து அரைத்துப் பாலுக்குப் பதிலாக ஊற்றினேன். காளானை மிளகு போட்டுப் பிரட்டினேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

நாலாவது நாள் பருப்பில் பெருங்காயத் தூள் போட்டேன். அரைமணி நேரத்தில் அவர் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது, வாந்தி எடுத்தார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். பெருங்காய டப்பாவின் அடியில், எறும்பு எழுத்தில், கோதுமை மாவு கலந்தது என்று போட்டிருந்தது. முப்பத்தொரு வருடம் கையில் எடுத்த பொருள், ஐயா. எனக்குத் தெரியாது. நான் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீர்கூட வந்தது.

“தெரியாம நடந்ததுதானே, விடுங்க மச்சான்” என்றார்.

அதுவரை சார் என்று கூப்பிட்டவர். மச்சான் என்றதும் பாப்பா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியைப் பிழிந்து அவர் கழுத்தில் போட்டாள். அம்மாவுக்குப் போட்ட அதே கை. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்காலம் வரை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினோரு வருடம் ஒரு நோயாளியைப் பார்த்தவள், வாழ்க்கை முழுக்க இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போகிறாள். எந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள். இதை வாயால் சொன்னால் கேட்பாளா? இந்த வயதில் ஆசை வந்தவளுக்குப் புத்தி சொல்ல முடியாது. அவளே கண்ணால் பார்த்துக் களைத்துப் போனால்தான் உண்டு.

ஒன்பதாம் நாள் பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். ஆள்காட்டி விரல் நுனியை மாவில் தொட்டு, அந்த விரலைக் காய்கறிக் குழம்பில் கழுவினேன். அவ்வளவுதான். கொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லை. தடிப்பு வந்தது, ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. பாப்பாவும் விடுப்புப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் இன்னொரு முறை. அரிசி சரியில்லை, மசாலா சரியில்லை என்று பாதிச் சாமானை அவளே குப்பையில் கொட்டினாள். களைக்கவில்லை. அவர் தூங்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு புத்தகம் படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

பதினாலாம் நாள் அளவு கொஞ்சம் கூடிவிட்டது. சமையல்காரனுக்கு அளவு தவறலாமா என்று கேட்பீர்கள். தவறவில்லை. கூட்டித்தான் போட்டேன். பாப்பா அவர் தொடையில் ஊசியைக் குத்தினாள், கை நடுங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பையில் மிச்சம் ஓர் ஊசி. புதியது வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அவர் விடுதிக்குப் போகிறேன் என்றார். பாப்பா விடவில்லை. என்னிடம் வந்து, “அண்ணா, உங்க மேல தப்பில்ல. உங்களுக்கு வயசாகுது, கண்ணும் முன்ன மாதிரி இல்ல. நீங்க ஓய்வெடுங்க. இனிமே அவருக்கு நானே சமைக்கிறேன்” என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். “அடுத்த மாசம் பதிவுத் திருமணம் பண்ணிக்கப் போறோம். அவங்க ஊர்லயே எனக்கு வேலை பார்த்தாச்சு. நீங்களும் அங்க வந்துடுங்களேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அடுப்படியைவிட்டு என்னை எழுப்பிவிட்டல்லவா சொன்னாள்?

ஆறு நாள் அவள் சமைத்தாள். உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அவர் தேவாமிர்தம் போலச் சாப்பிட்டார். கடை மாவை நம்பாமல் அரிசியை ஊற வைத்து, உலர்த்தி, எங்கள் பழைய மிக்ஸியில் தானே அரைத்தாள். ஒரு காலத்தில் நான் கோதுமையும் அரைத்த மிக்ஸிதான். அதன் ஜாடியை ஏழு முறை கழுவினாள், எண்ணிக்கொண்டிருந்தேன். மாவைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, 'அவருக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினாள்.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் இரண்டு பேரும் நடக்கப் போயிருந்தார்கள். நான் அந்தப் போத்தலில் பாதியைக் கொட்டிவிட்டு, பரணில் இருந்த மாவைப் போட்டு நிரப்பிக் குலுக்கினேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மத்தியானம் அவள் தேங்காய்ப்பாலில் காய்களை வேக வைத்து, அந்த மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கினாள். “மச்சான், நீங்களும் உட்காருங்க, உங்க தங்கச்சி இன்னைக்குத் தேறிட்டாங்க” என்று அவர் எனக்கும் தட்டு வைத்தார். சாப்பிட்டேன். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

அவருக்குப் பேச்சு நின்றதும் பாப்பா ஆணிக்கு ஓடினாள். பை இருந்தது, ஊசி இல்லை. வெயில் படுகிற இடமாயிற்றே என்று காலையில்தான் எடுத்து உள்ளே வைத்திருந்தேன், அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு வந்த போலீஸ் அதிகாரியிடம் ஊசியைப் பற்றி எதுவும் தெரியாது என்றேன். உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். நினைவிருந்தது. என் அலமாரியில், கம்பளிச் சட்டைக்கு அடியில். இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். அவள் வீடு முழுக்க இழுப்பறைகளைக் கவிழ்த்துத் தேடினாள், நானும் கூடச் சேர்ந்து தேடினேன். வண்டி வரப் பதினேழு நிமிடம் ஆயிற்று. அவள் அவரோடு ஏறிப் போனதும் நான் பாத்திரங்களைக் கழுவினேன். போத்தலையும் கழுவி, நல்ல அரிசி மாவு போட்டு வைத்தேன். எச்சில் பாத்திரத்தை அப்படியே போட்டு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். பாப்பா வேறு மாதிரி முடித்தாள். மிக்ஸி ஜாடியைச் சரியாகக் கழுவவில்லை, தன் கையால்தான் அவர் செத்தார் என்று. ஊசியையும் தானே எங்கேயோ தொலைத்துவிட்டதாக நம்பினாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. “தெரியாம நடந்ததுதானே பாப்பா” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். ஐந்து மாதம் அப்படிப் போனது. ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வருவாள், வைத்ததைச் சாப்பிடுவாள், எங்கும் போக மாட்டாள். உள்ளதைச் சொன்னால், நல்ல ஐந்து மாதங்கள்.

போன வெள்ளிக்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். நாற்காலிக்காரருக்கு அம்மா இருக்கிறார்களாம். கண் தெரியாதாம், ஒண்டியாளாம்.

“அவங்க புள்ளைய நான் கொன்னுட்டேன் அண்ணா. அவங்க கண்ண மூடுற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிறதுதான் நியாயம். நான் போறேன். திரும்பி வர மாட்டேன்.”

அப்போது சொன்னேன், நீ கொல்லவில்லை, நான்தான் என்று. மாவு, ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “என்னைப் போகவிடாம இருக்கறதுக்காக இப்படியெல்லாம் பழிய உங்க தலையில போட்டுக்காதீங்க” என்கிறாள். அலமாரியைத் திறந்து காட்டப் போனேன், பார்க்கவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் பேச்சை அவள் எப்போதுமே நம்பியதில்லை. அரசாங்கக் காகிதம் என்றால் நம்புவாள். அதனால்தான் வந்தேன்.

நாளைக் காலை பத்து மணிப் பேருந்துக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். அதற்குள் இதைத் தட்டச்சு செய்து, என் கையெழுத்தை வாங்கி, முத்திரை குத்தி, யாரையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தன் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்த அம்மாவுக்கு அவள் ஏன் போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டும்?

என்னை வெறுத்துவிடுவாள் என்கிறீர்கள். அவளை நான் வளர்த்தவன், ஐயா. கோபம் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். பார்வையாளர்களை இங்கே என்றைக்கு விடுவீர்கள் என்பதையும் அந்தக் காகிதத்தின் அடியில் எழுதிவிடுங்கள். அவள் வருவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?