நாக்குக்கு அடியில்

வாயைத் திறவுங்கள் என்றால் எல்லோரும் கண்ணையும் மூடிக்கொள்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் வார்டில் என் வேலையே அதுதான். காசுக்காக வந்து படுத்திருக்கும் ஆட்கள் மாத்திரையை விழுங்கியதும் டார்ச் அடித்து, கன்னத்தின் உட்புறத்திலும் நாக்குக்கு அடியிலும் பார்க்க வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்பது டாக்டருக்கே தெரியாது. அது சீல் வைத்த உறைக்குள் இருக்கும். இதில் ஒருவன் விழுங்கியதுபோல நடித்தால் மொத்தச் சோதனையும் பொய். அந்தப் பொய்யை நம்பி நாளை எவனோ ஒரு நோயாளி சாவான். இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அய்யா.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெயிண்டர் மட்டும் கண்ணை மூட மாட்டான். என்னையே பார்த்தபடி வாயைத் திறப்பான். எனக்கு டார்ச் மாமா என்று பெயர் வைத்ததும் அவன்தான். அன்று காலை அவன் நாக்குக்கு அடியில் மாத்திரை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. விழுங்கச் சொன்னேன்.

"நல்லா அடிச்சுப் பாருங்க மாமா. நீங்க பாதியில விட்ட படிப்பு அங்கதான் எங்கயாவது கெடக்கும்."

வார்டே சிரித்தது.

நான் கோபப்படவில்லை. அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். தாடையைக் கீழே இழுத்தபோது எலும்பு விலகும் சத்தம் கேட்டது. டார்ச்சின் அடிப்பக்கத்தால் மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளினேன். முன்பல் இரண்டும் அதோடு உள்ளே போயின. அவன் கடித்தான். இன்னும் ஆழமாகத் தள்ளினேன். பக்கத்துக் கட்டில்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுய்யா, செத்துருவான்."

"முழுங்கட்டும், விட்டுர்றேன்."

அவன் கால்கள் கட்டிலை உதைத்து உதைத்து ஓய்ந்தன. ரத்தத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் காலி. விழுங்கினார் என்று குறித்தேன். அது உண்மைதானே.

நேற்று நீங்கள் உறையைப் பிரித்துப் பார்த்து, அவனுக்குக் கொடுத்தது வெறும் மாவு என்றீர்கள். பிரித்திருக்கக் கூடாது. அந்தச் சோதனை இனி எதற்கும் உதவாது. அதைக் கெடுத்தது நீங்கள்.

இதற்கு முன்பு மாத்திரையை ஒளித்தவர்களை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஆறேழு பேர் இருப்பார்கள். டாக்டரிடம் சொன்னேன், வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வார்டு விதி அவ்வளவுதான்.

அவர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவர்கள்.