ஏரிக்கரையில் ஒரு பெட் ஸ்பேஸ்

அபுதாபியில், முசஃபா தொழிற்பேட்டைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு வெல்டர்கள். கண்ணாடி போட்டவர்தான் ஆரம்பித்தார்.

“மச்சான், நம்ம வெள்ளைக்கார இன்ஜினியர் ரிட்டயர் ஆகி மெக்சிகோவுல குடியேறப் போறாராம். ஏரிக்கரையில வீடு. வாடகை கம்மி. சுத்தி அவங்க ஊர்க்காரங்க மட்டும்தானாம்.”

நரைத்தவர் சிரித்தார். “அடுத்தவன் நாட்டுல சொந்த ஊர்க்காரனோட அடைஞ்சு கெடந்தா அதுக்குப் பேரு லேபர் கேம்ப்புடா. நம்ம கேம்ப்புக்குப் பின்னாடியும்தான் ஏரி இருக்கு.”

“அது செப்டிக் டேங்க் வழிஞ்சது. ஒனக்கென்ன, அடுத்த மாசம் வேலைய முடிச்சு கலாஸ் பண்ணிட்டு ஊருக்குப் போற.”

“மொத்தமா வர்றேன்னு நேத்து வீட்டுல சொன்னேன். ‘சரிங்க, எத்தன நாள் லீவு’ங்கிறா.”

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் நரைத்தவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

“அந்த இன்ஜினியர்ட்ட, ஏரிக்கரையில ஒத்தக் கட்டில் போடுற பெட் ஸ்பேஸ் எதுவும் காலியிருக்கான்னு கேளுடா.”