காட்டாத சீட்டு

ஓடுகிறோம். பேருந்து பின்னால் நிற்கிறது. மார்கழி மாதம். திங்கட்கிழமை. காலை எட்டு இருபது. முதல் கல் 'டம்' என்று தகரத்தில் விழுந்தது. இரண்டாவது கல்லுக்கு முன்கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

"எறங்குங்க! எறங்கி ஓடுங்க!" கண்டக்டர் கத்துகிறார்.

சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு. நானும் வசந்தாவும் உள்ளே புகுந்தோம். கரும்புச் சோகையின் விளிம்பு முகத்தைக் கிழிக்கிறது. வசந்தா ஒரு கையால் ரவிக்கையைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. சீட்டைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை போய் மாத்திரை வாங்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலேயே கொடுக்கிறார்கள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில்தான் எனக்கு வேலை. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். ஆனால் எங்களில் பலர் சொந்த ஊரில் மாத்திரை வாங்க மாட்டார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் இங்கே வருவார்கள். நாங்கள் அங்கே போவோம். பைத்தியக்காரத்தனம்தான். வசந்தா மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டுகிறவள். அந்தப் பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரி வரிசையில்தான் எங்களுக்குப் பழக்கம். ஒருத்திக்குத் தீர்ந்துபோனால் இன்னொருத்தி கைமாற்றாக மாத்திரை கொடுப்பாள்.

இட ஒதுக்கீட்டுக்கான மறியல் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. இன்றைக்கு வண்டி ஓடும் என்றார்கள். நம்பினோம். அவளுக்கு முந்தின நாளே மாத்திரை தீர்ந்துவிட்டது. என்னிடம் இரண்டு இருந்தது.

கரும்பு முடிகிறது. மறுபடி சாலை. குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறது. மறியல்காரர்கள் முப்பது பேர் நிற்கிறார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க சீட்டக் காட்டுங்க! வுட்டுர்றோம்!"

உண்மையாகவே விட்டார்கள். ஒரு கர்ப்பிணியைக் கைபிடித்து மரத்தைத் தாண்டவைத்தார்கள். எக்ஸ்ரே உறையைத் தூக்கிக் காட்டிய கிழவரையும் விட்டார்கள். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பைக்குள் கையை விட்டேன்.

"சித்தி! நீ இன்னா இங்க?"

கூட்டத்திலிருந்து ஒருவன் வருகிறான். ஏழுமலை. வசந்தா புருஷனுக்கு அண்ணன் மகன்.

"கல்யாணத்துக்குடா. இந்த அக்கா வூட்டுக் கல்யாணம்."

மார்கழியில் கல்யாணமாம்! வேறு பொய்யே கிடைக்கவில்லை அவளுக்கு. முப்பது பேரும் சிரித்தார்கள். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் சீட்டைக் காட்டினால் அவளும் மாட்டுவாள். கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"கல்யாணத்துக்குலாம் வழி கெடையாது. கல்லு வுழுது. வூட்டுக்குப் போ சித்தி."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. வழி திறந்துதான் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஒன்பது மணிக்குச் சர்க்கரை ஆலைச் சங்கு ஊதியது. திரும்பி நடந்தோம். ஒரு மாத்திரையை அவளுக்குக் கொடுத்தேன். நாளைக்குக் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிடு, வெட்கம் பார்த்தால் சாகத்தான் வேண்டும் என்று திட்டினேன். தலையை ஆட்டினாள். வரவில்லை.

நான் மட்டும் என்ன வீராங்கனையா? இரண்டு முறை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினேன். எட்டாம் நாள்தான் உள்ளே போனேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை நாள் யாருக்குப் பயந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

வசந்தாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது, கரும்பு வெட்டு முடியட்டும் என்றாள். பங்குனியில் வெட்டு முடிந்தது. அதற்குள் இருமல். சித்திரையில் அவள் போனை எடுக்கவில்லை. வைகாசியில் ஒரு காலை, ஆறு ஐந்துக்கு, அவள் நம்பரிலிருந்து போன். ஏழுமலை பேசினான்.

"யக்கா, சித்தி பூட்டாங்க."

போனேன். ஏழுமலை பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான். அதற்குமுன் என்னிடம் வந்து நின்றான்.

"இன்னா வியாதின்னே தெர்லக்கா. சொல்லியிருந்தா நானே வண்டியில இட்டுக்கினு போயிருப்பேன். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

கணக்கு இதுதான். உடைந்தது ஒரு பேருந்துக் கண்ணாடி. அதற்கு வேறு கண்ணாடி போட்டாகிவிட்டது. வெட்டியது ஒரு புளியமரம். நான் மாத்திரை இல்லாமல் இருந்தது ஆறு நாள். அவள் இருந்தது ஐந்து மாதம். காட்டாத சீட்டு இரண்டு. செத்தது ஒருத்தி. வயது முப்பத்து நான்கு. பெயர் வசந்தா என்று எழுதியிருக்கிறேன். அது அவள் பெயர் இல்லை. அவள் பெயரை எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.