ஸ்கோர்போர்டுக்கு வேண்டாம், ஹெய்டி

இல்ல இல்ல, அந்தப் புஸ்தகத்தை மடிச்சு வச்சிரு ஹெய்டி. ஸ்கோர்போர்டு படம் அழகாத்தான் இருக்கு. அவ்வளவு பெரிய திரை, அதுல பசங்க மூஞ்சி வீட்டு உயரத்துக்குத் தெரியும், கீழ மூலையில எங்க வீட்டுக்காரர் பேரு. லீராய் குசேரா நினைவாகன்னு. அவரு இருந்திருந்தா இந்நேரம் பேனாவைத் தேட ஆரம்பிச்சிருப்பாரு. நான் அதுக்குக் காசு குடுக்கறதா இல்ல.

குடுக்கவே மாட்டேன்னு சொல்லலம்மா. மொகம் ஏன் இப்படிச் சுருங்குது? காபியக் குடி. அந்தத் தட்டுல இருக்கறது கசகசா வச்ச கொலாச்சி பன்னு. பல்லுல ஒட்டும். பரவால்ல, நம்ம ரெண்டு பேருதான இருக்கோம்.

மேற்கால நிலத்தை வித்துக் கையெழுத்துப் போட்ட மை காயல, அதுக்குள்ள உங்க காலேஜு ஸ்போர்ட்ஸ் டைரக்டர் போனு. எப்படி இருக்கீங்க மார்லிஸ், பாத்து ரொம்ப நாளாச்சேன்னு. நெப்ராஸ்காவுல சோளம் விளையற வேகத்தைவிட சேதி வேகமாப் போகும்போல. சரி, அது அவரு பொழப்பு. உன்னையும் அதுக்குத்தான அனுப்பியிருக்காரு. நீ தப்பா எடுத்துக்காத. உன்ன எனக்குப் புடிச்சிருக்கு. வந்ததும் செருப்பைக் கழட்டினியே, அப்பவே புடிச்சுப்போச்சு.

ஆட்டம் பாக்கற சீட்டா? ஆமா, கட்டல. இந்த வருஷம் அதுக்கான காசைக் கட்டல, கட்டவும் மாட்டேன். வேற யாருக்காவது குடுத்துருங்க. தெரியும்மா, மைதானத்துக்கு நட்ட நடுக் கோட்டுக்கு நேர் சீட்டு, ஒருதடவ விட்டா திரும்பக் கிடைக்காது. லீராய் செத்த வாரம்கூட நான் விடாத சீட்டு அது. இப்ப விடறேன்.

உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்.

நீ புதுசு. போன வருஷம் என்னப் பாத்திருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்ட. இந்த ஊருல ஃபுட்பால்னா என்னன்னு உனக்கு இன்னும் தெரியல. எங்க ஃபாதர் சனிக்கிழமை சாயங்காலப் பூசைய ஆட்டம் முடியற வரைக்கும் தள்ளி வைப்பாரு, சாமியே காத்திருக்கும்னா பாத்துக்க. அதுல நான் ஒரு தனிப் பைத்தியம். பந்தை இடுக்கிக்கிட்டு ஓடற எதிராளிய நம்ம பசங்க முட்டி விழத்தாட்டும்போது, முட்டுன்னு ஒரு சத்தம் போடுவேன் பாரு, எதிர்ப்பக்கத்து ஜனம் எந்திரிச்சுப் பாக்கும். கல்யாணம் ஆனப்ப எனக்கு இந்த ஆட்டத்துல தலையும் தெரியாது, வாலும் தெரியாது. லீராய்தான் கத்துக்குடுத்தாரு. அவரு இதே காலேஜுல ஆடினவரு. அவரு காலத்துலதான் கடைசியா ஆஷ்பி காலேஜுக்காரங்களை ஜெயிச்சது. அப்புறம் வருஷா வருஷம் அவங்ககிட்ட ஒதை வாங்கிட்டுத்தான் வருவோம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, இந்த வருஷமாவது ஆஷ்பிய அடிக்கறோமா மார்லிஸ்னு கேட்டாரு மனுஷன். புள்ளைகளைப் பத்திக்கூடக் கேக்கல.

சரி, நீ சொல்லு. வேற எதெதுக்கெல்லாம் குடுக்கலாம்? புல்தரை போடறது… ம். துணி மாத்தற ரூமு… அதுல அலமாரிக்கு அலமாரி பேரு போடுவீங்களா? நல்ல கூத்து. பொதுவா குடுத்தா கோச் இஷ்டத்துக்குச் செலவழிப்பாரு, அப்படித்தான? இன்னாருக்கு, இன்ன வேலைக்குன்னு கண்டிஷன் வச்சுக் குடுக்க முடியுமா? முடியும்ல? வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு? கோச்சே கேட்டாலும்?

அப்ப அதைச் சொல்லு மொதல்ல. அதை விட்டுட்டு ஸ்கோர்போர்டைக் காட்டிக்கிட்டு இருக்க.

பசங்களுக்கு அடிபட்டா பாக்கறதுக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்கல்ல, மைதானத்து ஓரமா பையோட நிக்கறவங்க. அந்த வேலைக்கு இன்னொரு ஆள் போடணும். சம்பளம் பூரா என் காசு, வருஷா வருஷம் வட்டியிலேருந்து போகட்டும். ஆனா அந்த ஆளு கோச்சுக்குக் கீழ இருக்கக் கூடாது. இந்தப் பையன் இன்னிக்கு ஆடக் கூடாதுன்னு அவங்க சொல்லிட்டா, கோச் இல்ல, டைரக்டர் இல்ல, எந்த ரசிகனும் வாயத் திறக்கக் கூடாது. எழுதிக்கிட்டியா? எழுது.

ஆமா. அந்த ஆஷ்பி ஆட்டம்தான். உனக்கும் சொல்லியிருக்காங்கல்ல.

ராமிரோ. ராமிரோ டிஹெரினா. டெக்சாஸ் ஓரத்துல, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்து ஊரு. வெளியூர்ப் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை சோறு போட ஆளுக்கொரு வீடுன்னு காலேஜுல பிரிச்சு விடுவாங்கல்ல, எனக்கு வந்தவன் அவன். லீராய் செத்த வருஷம், வீடு வெறிச்சுனு கிடந்த நேரம். மொத நாள் வாசல்ல நிக்கறான், கதவு பூராவும் அவன்தான். மிஸ் மார்லிஸுன்னு கூப்புடறான், குரல் பூனைக்குட்டி மாதிரி. பன்னிக்கறி ரோஸ்ட், மாவு உருண்டை, புளிச்ச முட்டைக்கோசு எல்லாம் வச்சேன். ஒரு வாய் தின்னுட்டு ஜோப்புலேருந்து மொளகாப்பொடி டப்பாவை எடுத்தான் பாரு. மன்னிச்சுக்குங்க மிஸ் மார்லிஸ், இது இல்லாம எனக்கு நாக்கு வேலை செய்யாதுங்கறான். நான் சிரிச்ச சிரிப்புல… லீராய் போனப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான்.

அவங்கம்மா எல்விரா, பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல வேலை. சாப்பாட்டுக்கு நடுவுல போன் பண்ணுவா. அவளுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. நடுவுல சின்னப் பொண்ணு ஒருத்தி, ராமிரோ தங்கச்சி, ரெண்டு பக்கமும் எடுத்துச் சொல்லுவா. எம்புள்ளைய நீங்க நல்லாப் பாத்துக்கறீங்கம்பா. பாத்துக்கறேன்னுவேன். ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுத்தான்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு எப்படிச் சொல்லியிருக்காங்களோ. நான் பாத்ததைச் சொல்றேன். குளிரு, லீராயோட பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன். கடைசி நேரம். ஆஷ்பிக்காரன் பந்தோட கோட்டைத் தாண்டப் போறான், தாண்டினா முடிஞ்சுது. ராமிரோ ஓடி வந்தான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதின சத்தம் நான் உக்காந்த எடம் வரைக்கும் கேட்டுச்சு. ஆஷ்பிக்காரன் விழுந்துட்டான். நாங்க ஜெயிச்சுட்டோம்.

எல்லாரும் கம்பிய ஏறிக் குதிச்சு உள்ள ஓடினோம். நான் இந்த வயசுல ஓடினேன் ஹெய்டி. யாரு எவருன்னு தெரியாம கட்டிப்புடிச்சு அழுதேன். லீராய், பாத்தியா லீராய்னு மேல பாத்துக் கத்தினேன். உன் புஸ்தகத்துல மொதப் பக்கத்துல இருக்கே ஒரு படம், ஜனம் மைதானத்துல நிக்கற மாதிரி, அது அன்னிக்கு எடுத்ததுதான். இடது பக்கம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறது நான்தான். அதனாலதான் மடிச்சு வைக்கச் சொன்னேன்.

அந்த நேரத்துல அவன் எந்திரிச்சு நடந்திருக்கான். நம்ம பக்கம் வரல, ஆஷ்பிக்காரங்க பெஞ்சுல போய் உக்காந்திருக்கான். அவங்க பசங்கள்ல ஒருத்தன்தான் தோளைத் தொட்டு, டேய், உன் பெஞ்சு அந்தாண்டன்னிருக்கான். அப்படியே சாஞ்சுட்டான்.

ஓமஹா ஆஸ்பத்திரியில மண்டையத் தொறந்து ஆபரேஷன் பண்ணாங்க. பொழச்சுக்கிட்டான். ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா எல்விரா. நடக்கறான், புடிச்சுக்கிட்டு. வெளிச்சம் கண்ணுல பட்டா கத்தறான். பேசும்போது பாதியில வார்த்த வராம நின்னுடறான். வாத்தியாராகணும்னு படிச்ச பையன்.

இந்தக் காசுக்கு அவன் பேரை வைக்கலாமா? நல்ல மனசுலதான் கேக்கற. ஆனா செத்தவங்களுக்கு வைக்கற மாதிரி வேண்டாம்மா. அதை அவங்கம்மாவைத்தான் கேக்கணும். என் பேரும் வேண்டாம். சும்மா ஒரு ரசிகைன்னு போடு. அதுகூட வேண்டாம்.

காசு அனுப்பாம இருப்பேனா? அவங்களுக்கு நேராத்தான் மொதல்ல அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டா எல்விரா. நீங்க எம்புள்ளைக்குச் செஞ்சதே போதும், இதுக்கு மேல வாங்கினா எனக்குப் பாவம்னு அந்தச் சின்னப் பொண்ணு சொல்லுச்சு. இந்தா இந்த நாற்காலியிலதான் உக்காந்து கேட்டேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே யோசிச்சுக்க.

இன்னொரு கண்டிஷனும் இருக்கு, எழுதிக்க. அந்த வேலைக்கு ஆளு நான் சொல்றவதான். கெல்சி வோபாட்.

தெரியும், ராமிரோ விழுந்தப்புறம் அதே வேலைய விட்டு எடுத்த பொண்ணுதான். தெரிஞ்சுதான் சொல்றேன். இப்ப பக்கத்து ஊரு மருந்துக்கடையில கல்லாவுல நிக்கறா. ஒருநாள் போயிருந்தேன். என்னப் பாத்து, எப்படி இருக்கீங்க மிஸஸ் குசேராங்கறா. இருமல் மருந்து வாங்கிட்டு வந்துட்டேன். எனக்கு இருமலே இல்ல.

காசு குடுக்கறவங்க வேலைக்கு ஆளைச் சொல்லக் கூடாதா? யாரு சொன்னா? பழைய கோச்சை மாத்தினது யாருங்கற? ரெண்டு டிராக்டர் கடைக்காரனும் ஒரு பல் டாக்டரும், இந்த வருஷக் காசை நிறுத்திருவோம்னு ராத்திரிச் சாப்பாட்டுல வச்சுச் சொன்னாங்க. நானும் அந்த மேசையிலதான் இருந்தேன், தலையாட்டினேன். அப்ப எந்தச் சட்டமும் குறுக்க வரல. ஆட்டத்துல தோத்தா ஆளை மாத்தலாம், இதுக்கு மட்டும் கூடாதா?

அப்படிச் சொல்லாத. அவ கவனிக்காம விட்டுட்டான்னு ஊரே சொல்லுது. நீயும் சொல்லாத. ஆஷ்பி ஆட்டத்துக்கு மொத வாரமே ஒரு ஆட்டத்துல ராமிரோவுக்கு மண்டையில அடி. யாரும் பாக்கல. விசாரணைன்னு ஒண்ணு வச்சாங்கல்ல, அதுல என்ன முடிவு? அவனுக்கு மொதல்லயே அடிபட்டிருந்தது யாருக்கும் தெரியாது, தெரிஞ்சிருக்க வேண்டியவ கெல்சி. அதான?

அவ கேட்டாம்மா. திங்கக்கிழமையே கூப்பிட்டு வச்சுக் கேட்டா, என்ன ராமிரோ ஒரு மாதிரி இருக்கன்னு. நல்லா இருக்கேன், சரியாத் தூங்கலன்னான். அப்படிச் சொல்லுன்னு சொல்லிக்குடுத்தது நான்.

குடி, காபி ஆறுது.

அதுக்கு மொத நாள், ஞாயித்துக்கிழமை, சாப்பிட வந்தான்ல. தட்டுக்குப் பக்கத்துல மேசையில ஊத்தறான் கொழம்பை. ரேடியோவை நிறுத்தச் சொன்னான். ரெண்டு ரெண்டாத் தெரியறீங்க மிஸ் மார்லிஸுன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்ப சனிக்கிழமை ரெண்டு மார்லிஸ் வந்து கத்துவாங்கடான்னேன். அவனும் சிரிச்சான். அப்புறம் கேட்டான், கெல்சிகிட்டச் சொல்லட்டுமான்னு. எங்கிட்ட அனுமதி கேக்கறான், பாரு. அம்மாகிட்டக் கேக்கற மாதிரி. சொன்னா உன்ன ஆட விடாம உக்கார வச்சிருவாங்க, கேட்டா சரியாத் தூங்கலன்னு சொல்லு, தூங்கினா சரியாப்போயிரும், ஆஷ்பி ஆட்டம் முடியட்டும்னேன். சரிங்கன்னான். சொன்ன பேச்சைக் கேக்கற பையன்.

விசாரணையில என்னையும் கூப்புட்டாங்க. வாராவாரம் சாப்புட்டானே, எதாவது சொன்னானான்னு. இல்லன்னேன். அவனுக்கு அந்த வாரமே ஞாபகம் இல்லயாம், அவனாலயும் சொல்ல முடியாது.

அழாத. நீ எதுக்கு அழற? துடைச்சுக்க. டைரக்டர் காசு வேண்டாம்பாரா? சொன்னாச் சொல்லட்டும். வக்கீல் வருவாரா, வரட்டும். காசு வாங்கினாலும் வாங்காட்டியும் கெல்சி மேல போட்ட பழிய எடுக்கணும். அதை நான்தான் சொல்லணும், உன்ன சொல்லச் சொல்லல.

எல்விராகிட்ட நேத்து சொல்லிட்டேன். வழக்கம்போல போன் பண்ணா. இப்ப உனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன், ஒண்ணும் விடல. அந்தச் சின்னப் பொண்ணு ஒவ்வொண்ணா அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுச்சு. பாதியில அதுக்குக் குரல் ஒடஞ்சுபோச்சு. ஆனாலும் முழுசாச் சொல்லி முடிச்சுது.   அப்புறம் அது கேட்டுச்சு, அம்மா கேக்கறாங்க, அந்த ஞாயித்துக்கிழமை அவன் சாப்புட்டானான்னு.

ரெண்டு வாய்தான் வச்சான், மீதிய நான் குப்பையில கொட்டினேன்னேன். போனை வச்சிட்டாங்க.

நீ காருலதான வந்த? டைரக்டர் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸுல இருப்பாருல்ல? இரு, கோட்டு மாட்டிக்கிட்டு நானும் வரேன்.